பெண்கள் உடம்பில் முடி இருந்தா தப்பா? எடுக்கணுமா, விடணுமா என்பதை யார் முடிவு செய்வது? முழு விளக்கம்

2024 ஏப்ரல் மாதம் உத்தரப்பிரதேச மாநிலத்தில் 10ஆம் வகுப்பு பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகின. 98.5 சதவீத மதிப்பெண் எடுத்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தார் ஒரு மாணவி. அவருடைய போட்டோ செய்திகளில் வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் சமூக வலைதளங்களில் பேச்சு மாறிவிட்டது. மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை, அந்த மாணவியின் மேலுதட்டில் இருந்த முடியைப் பற்றித்தான் பேசினார்கள்.

கிண்டல் ஒரு பக்கம். ஆதரவு என்ற பெயரில் வந்ததும் சிக்கல்தான். "ட்ரீட்மென்ட் எடுத்தால் சரியாகிவிடும்" என்று கேட்காமலேயே வைத்தியம் சொன்னவர்கள் உண்டு. அந்த மாணவியின் பெயரைப் போட்டு, பாராட்டுவது போல ஒரு ஷேவிங் நிறுவனம் விளம்பரமும் கொடுத்தது. ஒரு சிறுமிக்கு நடந்த கேலியை வைத்து ரேசர் விற்கலாமா என்று அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. (சிறுமி என்பதால் இங்கே பெயர் தவிர்க்கப்படுகிறது.)

ஒரு பையன் முதல் மார்க் எடுத்திருந்தால், அவன் மீசையைப் பற்றி யாராவது பேசியிருப்பார்களா? பெண்ணின் உடல் முடி மட்டும் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெண்ணியம் இதில் என்ன சொல்கிறது? மருத்துவம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, உடம்பில் முடி ஏன் வளருது?

உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களைத் தவிர மனித உடல் முழுக்க முடி உண்டு. இது ஆண், பெண் இருவருக்கும் பொது.

இந்த முடி இரண்டு வகை. ஒன்று, மெல்லிசாக, நிறம் குறைவாக இருக்கும் பூனைமுடி. இன்னொன்று, தலைமுடி, புருவம் போல கருப்பாக, தடிமனாக வளரும் முடி. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் அதிகரிக்கும்போது, சில இடங்களில் பூனைமுடி தடித்த முடியாக மாறுகிறது. அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி வருவது இப்படித்தான்.

ஆண்ட்ரோஜனை "ஆண் ஹார்மோன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பெண்களின் உடலிலும் அது இயல்பாகவே சுரக்கிறது. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. ஆகவே ஒரு பெண்ணின் கையிலோ காலிலோ மேலுதட்டிலோ முடி இருப்பது உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

எவ்வளவு முடி என்பது பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. தெற்காசியா, மத்திய கிழக்கு, மத்திய தரைக்கடல் பகுதிப் பெண்களுக்குப் பொதுவாகவே முடி கொஞ்சம் அதிகமாகத் தெரியும். கிழக்காசியப் பெண்களுக்குக் குறைவாக இருக்கும். அம்மாவுக்கும் அத்தைக்கும் இருந்தது மகளுக்கும் வருகிறது.

அப்போ எது நோய், எது இல்லை?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில், அதாவது தாடை, மார்பு, முதுகு, அடிவயிறு போன்ற பகுதிகளில், பெண்களுக்குத் தடித்த முடி அதிகமாக வளர்ந்தால் அதை ஹிர்சூட்டிசம் என்கிறார்கள் மருத்துவர்கள். இதைக் கணக்கிட ஃபெரிமன்-கால்வே என்ற அளவுகோல் 1961 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இப்போது உடலின் 9 இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள்.

இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பிசிஓஎஸ். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

- முடி திடீரென்று, வேகமாக வளர ஆரம்பித்தால்
- மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால், அல்லது நின்றுபோனால்
- குரல் கரகரப்பாக மாறினால்
- தலைமுடி மட்டும் அதிகமாக உதிர்ந்தால்
- முகப்பரு கட்டுப்படாமல் இருந்தால்

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மருத்துவருக்கு முடி ஒரு தடயம் மட்டுமே. பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உள்ள ஹார்மோன் மாற்றம். வெட்கப்பட்டு முடியை எடுத்துவிட்டு மாதவிடாய் கோளாறைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால், கவனிக்க வேண்டிய பிரச்சினை அப்படியே உள்ளே இருக்கும்.

முடி எடுக்கும் பழக்கம் புதுசா, பழசா?

பழசுதான். பண்டைய எகிப்தில் ஆண்களும் பெண்களும் உடல் முடியை அகற்றினார்கள். அக்குள் முடியையும் பிறப்புறுப்பு முடியையும் அகற்றுவது இஸ்லாத்தில் ஆண், பெண் இருவருக்கும் சொல்லப்பட்ட தூய்மை நடைமுறை. சீக்கிய மதத்தில் இது நேர் எதிர். உடலில் எந்த முடியையும் வெட்டக்கூடாது என்பது அங்கே இருபாலருக்கும் பொதுவான நெறி.

19ஆம் நூற்றாண்டு ஈரானில் நடந்தது இன்னும் ஆச்சரியம். கஜார் ஆட்சிக்காலத்தில், பெண்ணின் மேலுதட்டில் மெல்லிய மீசை இருப்பது அழகின் அடையாளமாகவே கருதப்பட்டது. அந்தக் கால ஓவியங்களில் இதைப் பார்க்கலாம். வரலாற்றாய்வாளர் அஃப்சானே நஜ்மாபாதி 2005இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

எது அழகு, எது அசிங்கம் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இன்று நாம் "இயல்பு" என்று நினைக்கும் விதிக்கும் ஒரு தொடக்க தேதி உண்டு.

1915: ரேசர் கம்பெனி கண்டுபிடித்த "பிரச்சினை"

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அமெரிக்காவில் சாதாரணப் பெண்கள் அக்குளையோ காலையோ மழிப்பது வழக்கத்தில் இல்லை. உடை உடம்பை முழுசாக மூடியிருந்ததால், அதைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை.

பிறகு கையில்லாத உடைகள் ஃபேஷனாகின. 1915இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில், கையை மேலே தூக்கி நிற்கும் பெண்ணின் படத்துடன் முடி நீக்கும் பவுடருக்கு விளம்பரம் வந்தது. அதே ஆண்டு ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று "மிலேடி டெகோலெட்டே" என்ற ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு விற்ற அதே பொருளுக்கு, மக்கள்தொகையின் மறுபாதியும் வாடிக்கையாளர் ஆனது.

இந்த விளம்பரங்களை ஆராய்ந்து கிறிஸ்டின் ஹோப் என்ற ஆய்வாளர் 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் அக்குள், பிறகு கால் என்று, பெண்களுக்கு அதுவரை இல்லாத ஒரு கூச்சத்தை விளம்பரங்கள் படிப்படியாகக் கற்றுக்கொடுத்ததை அதில் பார்க்கலாம்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப்போர். 1940இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நைலான் காலுறைகள், அமெரிக்கா போரில் இறங்கியதும் கிடைக்காமல் போயின. நைலான் பாராசூட்டுக்கும் கயிறுக்கும் போய்விட்டது. காலுறை இல்லாமல் வெறும் காலுடன் வெளியே போக வேண்டிய நிலை. கால் முடியை மழிப்பது பரவலானது.

இந்த அழகுக்கு சிலர் கொடுத்த விலை

இந்த வரலாற்றில் பலருக்கும் தெரியாத ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1920களில் அமெரிக்காவில் "ட்ரைக்கோ" என்ற எக்ஸ்ரே முறை பிரபலமானது. ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் உருவாக்கியது. வலியே இல்லை, முகத்து முடி உதிர்ந்துவிடும் என்று சொல்லி பல நகரங்களின் அழகு நிலையங்களில் பெண்களின் முகத்தில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். முடி உதிர்ந்தது. சில வருடங்கள் கழித்து தோல் சுருங்கியது, புண் வந்தது, சிலருக்குப் புற்றுநோயே வந்தது.

அதே காலகட்டத்தில் "கோரெம்லு" என்ற க்ரீம் விற்றது. அதில் இருந்தது தாலியம் அசிடேட், எலிகளைக் கொல்லப் பயன்பட்ட விஷம். பூசிய பெண்களில் பலருக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. வழக்குகள் குவிந்து 1930களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் திவாலானது. அழகுசாதனப் பொருட்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதுபோன்ற சம்பவங்களும் ஒரு காரணம்.

மேலுதட்டில் இருக்கும் நாலு முடிக்காக உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு ஒரு பெண்ணை எது தள்ளியது? பெண்ணியவாதிகள் பின்னாளில் எழுப்பிய கேள்விக்கு வேர் இங்கேதான்.

பெண்ணியம் என்ன சொல்லுது?

"பெண்ணியம்னா முடி எடுக்காம இருக்கணும்" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியில்லை. பெண்ணியத்துக்குள்ளேயே இதில் ஒரு கருத்து மட்டும் இல்லை.

அமெரிக்காவில் குளோரியா ஸ்டைனம் உள்ளிட்டோர் தொடங்கிய "மிஸ்" இதழ், 1972 ஜூலையிலேயே உடல் முடியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அன்று முதல் வைக்கப்படும் முக்கிய வாதங்கள் மூன்று.

ஒன்று, இரட்டை நியாயம். ஒரே முடி, ஆணிடம் இருந்தால் கம்பீரம், பெண்ணிடம் இருந்தால் அசுத்தம். உடல் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் வேறு.

இரண்டு, சின்னப்பெண் தோற்றம். பருவ வயதில் வரும் முடியை முழுவதும் நீக்கச் சொல்வது, வளர்ந்த பெண்ணைச் சிறுமி போலத் தெரியச் சொல்வது என்பது விமர்சனம்.

மூன்று, நேரமும் பணமும். பார்லர், வேக்ஸ், ரேசர், க்ரீம் என்று வாழ்நாள் முழுக்கச் செய்யும் செலவு. நியூயார்க் நகர நிர்வாகம் 2015இல் கடைகளில் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பெண்களுக்கென்று விற்கும் ரேசர்கள், ஆண்களுடையதை விட சராசரியாக 11 சதவீதம் அதிக விலை. பல நேரம் வித்தியாசம் நிறத்தில் மட்டும்தான்!

"என் உடம்பு, என் இஷ்டம்" - இது போதாதா?

இன்று அதிகம் கேட்கும் வாதம் இதுதான். முடி எடுப்பதும் என் தேர்வு, விடுவதும் என் தேர்வு, இரண்டையும் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. பெண்ணை அவளுடைய உடம்பை வைத்து எடை போடக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் "ஒரு பெண் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது பெண்ணியம்தான்" என்ற போக்கை 2000களின் மத்தியில் அமெரிக்க எழுத்தாளர் லிண்டா ஹிர்ஷ்மேன் கடுமையாக விமர்சித்தார். "தேர்வுப் பெண்ணியம்" என்ற பெயரும் அதையொட்டியே பரவியது. விமர்சனம் இதுதான்: எல்லாரும் ஒரே தேர்வைத்தான் செய்கிறார்கள் என்றால், அது உண்மையில் தேர்வா?

இங்கிலாந்தில் 678 பெண்களிடம் எடுக்கப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், ஏதோ ஒரு கட்டத்தில் உடல் முடியை நீக்கியதாகச் சொன்னவர்கள் 99 சதவீதத்துக்கும் மேல். சாப்பாட்டிலோ உடையிலோ சினிமாவிலோ இப்படி 100 பேரில் 99 பேர் ஒத்துப்போவதைப் பார்க்க முடியாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரியான் ஃபாஸ். வகுப்பில் படிக்கும் பெண்கள் குறிப்பிட்ட வாரங்களுக்கு உடல் முடியை எடுக்காமல் இருந்து, அனுபவத்தை எழுத வேண்டும். அதற்குக் கூடுதல் மதிப்பெண். எடுப்பதும் எடுக்காததும் என் இஷ்டம் என்று நம்பியவர்களுக்கு, விட்டுப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. குடும்பத்தினரின் கோபம், காதலனின் முகச்சுளிப்பு, தெரியாதவர்களின் கமென்ட் என்று எதிர்ப்பு நாலாபக்கமும் வந்தது.

ஆக, இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முடி எடுக்கும் பெண்ணை "அடிமை" என்று சொல்வது தவறு. வேலை இன்டர்வியூவுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகும் பெண், கிண்டலைத் தவிர்க்க ஒரு வழியைத் தேடுகிறாள். அதே நேரம், அந்தக் கிண்டல் இருக்கும் வரை அவள் செய்வதை முழுச் சுதந்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. பெண்ணியத்தின் கேள்வி அந்தப் பெண்ணை நோக்கி வரவில்லை. எடுக்காமல் விட்டால் அவளுக்கு என்ன தண்டனை கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

எடுக்காமல் விட்டவர்களுக்கு என்ன ஆச்சு?

1999: லண்டனில் "நாட்டிங் ஹில்" பட வெளியீட்டு விழாவில் ஜூலியா ராபர்ட்ஸ் ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தார். அக்குள் முடி தெரிந்தது. உலகம் முழுக்கச் செய்தி. அது போராட்டமெல்லாம் இல்லை, கையைத் தூக்கினால் எவ்வளவு தெரியும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான் என்ற பொருளில் 2018இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் அவரே விளக்கம் சொன்னார்.

2015: சீனாவில் பெண்ணிய ஆர்வலர் ஷியாவ் மெய்லி, வெய்போ தளத்தில் பெண்கள் தங்கள் அக்குள் முடி போட்டோவைப் பகிரும் போட்டியை நடத்தினார்.

2017: ஸ்வீடன் மாடல் ஆர்விடா பீஸ்ட்ராம், கால் முடியுடன் அடிடாஸ் விளம்பரத்தில் நடித்தார். தனக்குப் பாலியல் வன்கொடுமை மிரட்டல்கள் வந்ததாக அவரே பதிவிட்டார். காலில் முடி இருந்ததற்கு இந்த மிரட்டல்!

2018: "பில்லி" என்ற அமெரிக்க ரேசர் நிறுவனம், விளம்பரத்தில் முதல்முறையாக உண்மையான முடியைக் காட்டியது. அதுவரை ரேசர் விளம்பரங்களில் பெண்கள் ஏற்கெனவே வழவழப்பாக இருந்த காலைத்தான் மழித்துக்கொண்டிருந்தார்கள்.

2019: இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தொடங்கிய "ஜானுஹேரி" இயக்கம் பரவியது. ஜனவரி மாதம் முழுக்க முடியை எடுக்காமல் விடுவது இதன் நோக்கம்.

பிரிட்டனைச் சேர்ந்த ஹர்னாம் கவுரின் கதை இன்னொரு பக்கம். பிசிஓஎஸ் காரணமாகப் பதின்ம வயதிலேயே தாடி வளர, பள்ளியில் கடும் கேலிக்கு ஆளானவர். எடுத்து எடுத்து ஓய்ந்துபோய், தாடியை அப்படியே விட முடிவு செய்தார். முழுத் தாடி கொண்ட மிக இளவயதுப் பெண் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார்.

நம்ம ஊர்ல எப்படி?

தமிழ்நாட்டில் பெண் குழந்தைக்கு மஞ்சளும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவது பழைய வழக்கம். முகத்தில் முடி வளராது என்று கஸ்தூரி மஞ்சள் பூசுவதும் தொன்றுதொட்டு உண்டு. பிறகு ப்ளீச், த்ரெட்டிங், வேக்ஸிங் என்று பார்லர் வந்தது.

பெண்ணின் முடியை அரசியலாகப் பேசியதும் இங்கே புதிதல்ல. பெண்கள் ஆண்களைப் போலத் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்று பெரியார் வலியுறுத்தினார். தலையில் நீளமாக இருக்க வேண்டும், மற்ற இடத்தில் இருக்கவே கூடாது என்ற இரண்டு விதிகளையும் பெண்ணுக்கு எழுதியது ஒரே சமூகம்தான்.

சரி, அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கு வருவோம்

முடி இருந்தா சுத்தம் இல்லையா?
தினமும் குளித்தால் போதும். வியர்வை நாற்றத்துக்குக் காரணம் தோலில் உள்ள பாக்டீரியா. அமெரிக்காவில் 3,316 பெண்களிடம் எடுத்து 2016இல் வெளியான ஆய்வில், பிறப்புறுப்பு முடியை நீக்கவோ வெட்டவோ செய்தவர்களில் 59 சதவீதம் பேர் சொன்ன காரணம் சுத்தம். ஆனால் மழிக்கும்போது ஏற்படும் சிறு கீறல்கள் வழியாகவே தொற்று வர வாய்ப்பு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்புகூட ரேசரால் மழிக்க வேண்டாம், அவசியம் என்றால் கிளிப்பரால் வெட்டுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியது.

ஷேவ் பண்ணா அடர்த்தியா வளருமா?
இல்லை. 1928இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ரேசர் முடியின் நுனியை மட்டமாக வெட்டுவதால், திரும்ப வளரும்போது சொரசொரப்பாக, தடிமனாகத் தெரிகிறது. வேரில் எந்த மாற்றமும் இல்லை.

லேசர் செய்தா நிரந்தரமா போயிடுமா?
நீண்ட காலத்துக்குக் குறையும், மொத்தமாகப் போய்விடும் என்று உறுதி கிடையாது. ஹார்மோன் கோளாறு இருந்தால் திரும்ப வரும். நம்மைப் போன்ற மாநிறம், கருப்பு நிறத் தோலுக்குத் தவறான லேசர் பயன்படுத்தினால் தீக்காயமும் கரும்புள்ளியும் வரலாம். என்டி-யாக் வகை லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆஃபர் விலையைப் பார்த்துப் போகாமல், தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

என் மகளுக்கு எப்போ ஆரம்பிக்கலாம்?
இதற்கு வயது வரம்பு எதுவும் இல்லை. "உனக்கு மீசை இருக்கு, போய் எடு" என்று வீட்டில் முதலில் சொல்லும் ஆளாகப் பெற்றோர் இருக்க வேண்டாம் என்பதே முக்கியம். பள்ளியில் யாராவது கிண்டல் செய்து, மகளே வந்து கேட்டால், இது எல்லாருக்கும் இருக்கும் என்பதை முதலில் சொல்லலாம். அதன் பிறகும் எடுக்க விரும்பினால், பாதுகாப்பான வழியைக் காட்டலாம். கிண்டல் செய்த பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் பேசுவதையும் விட்டுவிடக்கூடாது.

இது என் முடிவா, ஊர் முடிவா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. யாருமே பார்க்காத ஒரு மாதம் கிடைத்தால் அப்போதும் இதைச் செய்வேனா?
2. இந்த முறை எடுக்காமல் விட்டால் எனக்குப் பயம் வருகிறதா, இல்லை வெறும் அசௌகரியமா?
3. இன்னொரு பெண் எடுக்காமல் வந்தால் நான் அவளை எப்படிப் பார்க்கிறேன்?

மூன்றாவது கேள்வி ஆண்களுக்கும் சேர்த்துத்தான். முதல் இரண்டுக்கு என்ன பதில் வந்தாலும், எடுப்பதா விடுவதா என்பது அவரவர் உரிமை. மூன்றாவதற்கான பதில் மாறினால்தான், முதல் இரண்டுக்கும் ஒரு பெண் பயமில்லாமல் பதில் சொல்ல முடியும்.

உதவி தேவைப்பட்டால்: உடல் தோற்றத்தை வைத்து ஆன்லைனில் மிரட்டலோ தொடர் கேலியோ வந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் அளிக்கலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பெண்கள் 181 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.